முறைசார் மீளாய்வு எப்போது சான்றாகிறது?

மாரடைப்பு வந்தவரின் இதயத் தமனியை அடைத்துக்கொண்டிருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்க, ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தைச் சிரைவழியே செலுத்தலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடத்தப்பட்டன. எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் சமவாய்ப்புச் சோதனைகள் அவை. அவற்றுள் பல சிறியவை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை உறுதியாக எதையும் சொல்லாமலே முடிந்தன. 1992இல் ஆய்வாளர்கள் சிலர் இவற்றைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு சோதனை வெளிவந்த வேளையிலும் அதுவரை திரண்டிருந்த சான்று முழுவதும் சேர்ந்து என்ன சொல்லியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். எட்டுச் சோதனைகளும் 2,432 நோயாளிகளும் மட்டுமே சேர்ந்திருந்த 1973ஆம் ஆண்டிலேயே, மருந்து இறப்பைக் குறைக்கிறது என்பது புள்ளியியல் நோக்கில் தெரிந்துவிட்டது. அதன் பிறகு 25 சோதனைகளில் மேலும் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பிழை எல்லைதான் குறுகிக்கொண்டே வந்தது. அந்த 34,542 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், பழைய ஆய்வுகளைத் தொகுக்காமல் விடுவதற்கு என்ன விலை என்பது விளங்கும்.

இதே மாரடைப்புக்கு மக்னீசியம் உப்பைச் சிரைவழியே கொடுத்தால் பயன் உண்டா என்ற கேள்வியும் அந்த ஆண்டுகளில் எழுந்தது. 1991இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏழு சிறிய சோதனைகளையும் அவற்றில் இருந்த 1,301 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து, இறப்பு நேரும் வாய்ப்பை மக்னீசியம் 55 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. அடுத்த ஆண்டு 2,316 பேரைக் கொண்டு நடந்த லிமிட்-2 சோதனையும் அதை ஆதரித்தது. பிறகு 1995இல், 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 சோதனையின் முடிவு வெளிவந்தது. மக்னீசியம் பெற்றவர்களில் 7.64 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 7.24 விழுக்காட்டினரும் ஐந்து வாரங்களுக்குள் இறந்திருந்தார்கள். பாதிக்கும் மேல் குறைத்துவிடும் என்று தொகுப்பு சொன்ன மருந்துக்கு, பெரிய சோதனையில் பயனே தென்படவில்லை.

நோய் ஒன்று, கணக்கு முறையும் ஒன்று. முதலாவதில், தொகுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய உண்மையை மருத்துவ உலகம் பதினைந்து ஆண்டுகள் தவறவிட்டது. இரண்டாவதில், தொகுத்ததாலேயே இல்லாத உண்மை ஒன்று இருப்பதுபோல் தோன்றியது. மருத்துவப் பாடநூல்களில் சான்று வகைகளை வலிமைப்படி அடுக்கி ஒரு பிரமிடை வரைந்து, ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை விதிப்படி தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வை அதன் உச்சியில் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் படம் மாணவர்களுக்கு ஒரு வசதி, அவ்வளவே. ஒரு மீளாய்வின் வலிமை, அது எந்த ஆய்வுகளைத் தேடியது, எவற்றைச் சேர்த்தது, எவற்றை விட்டது, இவற்றையெல்லாம் எந்த விதிப்படி செய்தது என்று அது காட்டும் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் முடிவெண்ணை மட்டும் எடுத்தாள்பவர், மக்னீசியத்தையும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் வேறுபடுத்திப் பார்க்க வழியற்றவராகிறார்.

பிறர் எழுதியவற்றைத் திரட்டிப் பார்க்கும் எண்ணம் புதியதன்று. கப்பல் மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாவதை 1747இல் பன்னிரண்டு பேரிடம் ஒப்பிட்டுக் காட்டிய ஜேம்ஸ் லிண்ட், 1753இல் வெளியிட்ட நூலில் அந்நோய் பற்றித் தமக்கு முன் எழுதப்பட்டவற்றையெல்லாம் ஆராய்ந்து, முதலில் ஏராளமான குப்பையை அகற்ற வேண்டியிருந்தது என்று குறிப்பிட்டார். டைஃபாய்டு தடுப்பூசி பற்றிய பல இடத்துத் தரவுகளை 1904இல் கார்ல் பியர்சன் எண்களாகவே ஒன்றுசேர்த்தார். இப்படிப் பல ஆய்வுகளின் எண்களை இணைக்கும் கணக்குக்கு மெட்டா அனாலிசிஸ் என்று 1976இல் ஜீன் கிளாஸ் பெயரிட்டார். அவர் கல்வித்துறை ஆய்வாளர், மருத்துவர் அல்லர். மருத்துவத்துக்கு உறைக்கும்படி சொன்னவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன். ஒவ்வொரு துறையிலும் நடந்த சமவாய்ப்புச் சோதனைகள் அனைத்தையும் மதிப்பிட்டுத் தொகுத்து, அந்தத் தொகுப்பைக் காலந்தோறும் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நம் தொழில் இன்னும் செய்துகொள்ளவில்லை என்பது பெரிய குறை என்று 1979இல் அவர் எழுதினார்.

அப்போதும் மீளாய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு துறையில் பழுத்த அனுபவம் உள்ள பேராசிரியர், தாம் அறிந்தவற்றைத் தொகுத்து எழுதுவதே மீளாய்வு எனப்பட்டது. அவர் எந்தக் கட்டுரைகளைப் படித்தார், எவற்றைப் படிக்காமல் விட்டார், பிடிக்காததை ஒதுக்கினாரா என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியாது. முன்னணி மருத்துவ இதழ்கள் நான்கில் வந்த 50 மீளாய்வுகளை எடுத்து, எட்டு அளவுகோல்களை வைத்துச் சோதித்த ஓர் ஆய்வு 1987இல் வெளியானது. எட்டையும் நிறைவுசெய்த கட்டுரை ஒன்றுகூட இல்லை.

முறைசார் மீளாய்வு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மருத்துவ வட்டாரத்தில் பெரும்பாலும் சிஸ்டமேட்டிக் ரிவியூ என்றே வழங்கும் இது, பிறர் ஆய்வுகளையே தரவாகக் கொண்ட ஓர் ஆய்வு. ஆகவே எந்த ஆய்வுக்கும் உள்ள ஒழுங்கு இதற்கும் பொருந்தும். முதலில் கேள்வி கூர்மையாக வரையறுக்கப்படுகிறது: எத்தகைய நோயாளிகள், எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பீடு, எந்த விளைவு. பிறகு ஆய்வுத் திட்டம் எழுதப்பட்டு, வேலை தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திவரும் ப்ராஸ்பெரோ இதற்கெனவே உள்ள பதிவேடு. அதன்பின் மெட்லைன், எம்பேஸ் போன்ற தரவுத்தளங்களில் தேடல். ஒரே நோய்க்குப் பல பெயர்கள், ஒரே மருந்துக்கு வேதிப் பெயரும் வணிகப் பெயர்களும் இருப்பதால், தேடல் சொற்றொடரை அமைப்பதே தனிக்கலை. நல்ல மீளாய்வுக் குழுக்களில் மருத்துவ நூலகர் ஒருவர் இருப்பதும், அந்தச் சொற்றொடரை அப்படியே பின்னிணைப்பாக வெளியிடுவதும் இதனால்தான். வேறொருவர் அதே சொற்றொடரை இட்டால் அதே ஆய்வுகள் கிடைக்க வேண்டும்.

தேடலில் ஆயிரக்கணக்கில் வந்து விழும் ஆய்வுச் சுருக்கங்களை இருவர் தனித்தனியே, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் படித்து வடிகட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இயந்திர வேலைபோல் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். மீளாய்வின் விதி, பதினெட்டு வயது நிரம்பியவர்களிடம் நடந்த சோதனைகளை மட்டும் சேர்க்க வேண்டும் என்கிறது. கையில் உள்ள சோதனையோ பதினாறு வயது முதல் ஆள் சேர்த்திருக்கிறது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள்தாம், சேர்க்கலாம் என்கிறார் ஒருவர். விதி விதிதான், விடவேண்டும் என்கிறார் மற்றவர். இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் மருந்து வென்றதா தோற்றதா என்று பார்த்துவிட்ட பிறகு இந்த வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தால், எந்தத் தீர்ப்பும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். எத்தனை விழுக்காடு பெரியவர்கள் இருந்தால் சேர்ப்பது, கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. இத்தகைய சிறு தீர்ப்புகள் ஒரு மீளாய்வில் நூற்றுக்கணக்கில் உண்டு. எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனை எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டன என்று காட்டும் ஓட்டப்படத்தைப் பிரிஸ்மா என்னும் அறிக்கை நெறி கேட்கிறது. 2009இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட அந்த நெறியில் 27 கூறுகள் இருக்கின்றன. பலர் புரட்டிவிட்டுப் போகும் அந்த ஓட்டப்படத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சேர்த்த சோதனைகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்பது ஒரு கேள்வி. அடுத்து வரும் நோயாளிக்கு மருந்தா, போலி மருந்தா என்று எழுதிய தாளை உறையில் இட்டு வைத்திருந்தால், அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உடல்நிலை மோசமானவரை ஒரு குழுவிலிருந்து விலக்கிவைக்க ஒரு மருத்துவரால் முடியும். இரக்கத்தால்கூட அப்படிச் செய்யக்கூடும். சோதனை கெடுவது கெட்டதுதான். 1995இல் வெளியான ஓர் ஆய்வு 250 சோதனைகளை அலசி, ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத சோதனைகள் சிகிச்சையின் பயனைச் சராசரியாக 41 விழுக்காடு மிகைப்படுத்தின என்று கண்டது. முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் அபாயத்தை அளக்க, சாய்வு இடர் மதிப்பீடு என்ற பெயரில் ஒவ்வொரு சோதனைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் இடுவது இதற்காகத்தான். வட்டங்களை இட்டுவிட்டு, சிவப்பு வாங்கிய சோதனைக்கும் கணக்கில் அதே இடத்தைக் கொடுத்து முடித்துவிடும் மீளாய்வுகளைக் காணும்போது, அந்த மதிப்பீட்டைச் செய்ததன் நோக்கம் என்ன என்றே கேட்கத் தோன்றுகிறது.

இனி எண்களுக்கு வருவோம். இயன் சால்மர்ஸ் முன்முயற்சியால் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மையமும், 1993இல் பன்னாட்டு அமைப்பும் காக்ரேன் பெயரில் தோன்றின. அவ்வமைப்பின் சின்னமே ஒரு ஃபாரஸ்ட் பிளாட். ஏழு கிடைக்கோடுகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அடியில் ஒரு சிறிய சாய்சதுரம். குறைமாதப் பேறு நேரும் நிலையில் உள்ள தாய்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஏழு சோதனைகள் அவை. முதல் சோதனை நியூசிலாந்தில் நடந்து 1972இல் வெளிவந்தது. ஒவ்வொரு கிடைக்கோடும் ஒரு சோதனையின் நம்பக இடைவெளி, அதாவது அதன் விடையைச் சுற்றியுள்ள பிழை எல்லை. கோடு நீளமாக இருந்தால் அந்தச் சோதனைக்கு நிச்சயம் குறைவு. செங்குத்துக் கோட்டுக்கு இடப்புறம் விழுந்தால் சிகிச்சை நல்லது, வலப்புறம் விழுந்தால் கெட்டது, கோட்டைத் தொட்டால் இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஏழில் பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தனித்தனியே படித்த மருத்துவருக்கு அவை ஒன்றும் சொல்லாத சோதனைகள். ஆனால் எல்லாவற்றையும் எடைக்கேற்பச் சேர்த்துக் கிடைத்த சாய்சதுரம் கோட்டைத் தொடாமல் தெளிவாக இடப்புறம் நிற்கிறது: குறைமாதச் சிக்கல்களால் குழந்தை இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைகிறது. 1989 வரை இச்சோதனைகளை முறையாகத் தொகுத்து எவரும் வெளியிடாததால், பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் இதை அறியாமலே இருந்தார்கள்.

இதே படத்தை மக்னீசியத்துக்கு வரைந்திருந்தாலும் சாய்சதுரம் இடப்புறம்தான் நின்றிருக்கும். எங்கே பிசகியது? 1991ஆம் ஆண்டுத் தொகுப்பின் உள்ளே சென்று எண்ணிப் பார்த்தால், மக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேரும், பெறாத 644 பேரில் 53 பேரும் இறந்திருந்தார்கள். அந்த ஏழு சோதனைகளிலும் சேர்ந்து நேர்ந்த இறப்புகள் 78 மட்டுமே. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகளைக் கண்ட ஐசிஸ்-4க்கு முன் அது மிக மெல்லிய அடித்தளம். அதைவிட முக்கியமான ஐயம் ஒன்று உண்டு. சிறிய சோதனை நல்ல முடிவைக் காட்டினால் இதழில் வெளிவருகிறது. ஒன்றும் காட்டாவிட்டால் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. வெளிவந்தவற்றை மட்டும் எவ்வளவு நேர்மையாகத் தொகுத்தாலும், கிடைப்பது வென்றவர்களின் பட்டியலே. சோதனைகளை அளவுவாரியாக அடுக்கினால் தலைகீழான புனல்போலச் சமச்சீராக விரிய வேண்டிய படத்தில், ஒரு பக்கத்து அடிமூலை வெறுமையாக இருந்தால், அந்த வெற்றிடத்தில் இருந்திருக்க வேண்டிய சோதனைகள் எங்கே என்று கேட்க வேண்டும். ஐசிஸ்-4 வெளிவந்த பிறகு புனல் வரைபடத்தின் மீது கவனம் திரும்பியதில் மக்னீசியத்துக்குப் பெரும் பங்குண்டு.

காணாமல் போகும் சோதனைகள் கற்பனையல்ல. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பைச் சீராக்க லோர்கைனைடு என்னும் மருந்தை 1980இல் சோதித்தபோது, மருந்து பெற்ற குழுவில் ஒன்பது பேரும் மற்றதில் ஒருவரும் இறந்தார்கள். அது தற்செயல் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்தின் உற்பத்தியும் வணிகக் காரணங்களால் நின்றுபோயிற்று. முடிவு அச்சேறியது 1993இல்தான். இடைப்பட்ட காலத்தில் அதே வகையைச் சேர்ந்த பிற மருந்துகள் பரவலாகக் கொடுக்கப்பட்டன. அவை இறப்பைக் கூட்டுகின்றன என்பதை 1989இல் காஸ்ட் என்னும் சோதனை காட்டிய பிறகே பழக்கம் மாறியது.

மனச்சோர்வு மருந்துகளில் இதைத் துல்லியமாக எண்ணிக் காட்டினார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவாகியிருந்த பன்னிரண்டு மருந்துகளின் 74 சோதனைகளை, இதழ்களில் வந்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. நிர்வாகம் சாதகம் என்று மதிப்பிட்ட 38இல் 37 வெளிவந்திருந்தன. சாதகமல்லாத 36இல் 22 வெளிவரவேயில்லை. 11 சாதகமான முடிவு போன்ற தோற்றத்தில் எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்று. இதழ்களை மட்டும் படித்தவர் கண்ணுக்கு 94 விழுக்காடு சோதனைகள் வெற்றி. கோப்புகளைப் பார்த்தவருக்கு 51 விழுக்காடு.

இதனால் மீளாய்வாளரின் வேலை நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. ஃபுளு காய்ச்சலுக்கான ஒசெல்டமிவிர் மருந்து பற்றிய காக்ரேன் மீளாய்வுக்கு 2009இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார்: சிக்கல்களை மருந்து தடுக்கிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்டிய ஒரு தொகுப்பில் உள்ள பத்துச் சோதனைகளில் இரண்டு மட்டுமே வெளியிடப்பட்டவை, மற்ற எட்டை யார் பார்த்தார்கள்? அந்தக் கேள்வி பல ஆண்டு கடிதப் போக்குவரத்தாக நீண்டு, முடிவில் மருந்து நிறுவனத்தின் முழு ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. 2014இல் அவற்றின் அடிப்படையில் எழுதிய மீளாய்வின்படி, பெரியவர்களுக்கு நோய்க்குறி தணியும் காலம் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பல அரசுகள் அதற்குள் பெருந்தொகை கொடுத்து மருந்தை வாங்கிக் கிடங்குகளில் நிரப்பிவிட்டிருந்தன.

குறைவதுபோலவே கூடுவதும் உண்டு. அறுவைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தின் சோதனைகளை ஆராய்ந்தவர்கள், ஒரே நோயாளிகளின் தரவு வேறு வேறு ஆசிரியர் வரிசையில், ஒன்றுக்கொன்று குறிப்பின்றி மீண்டும் வெளியாகியிருப்பதை 1997இல் கண்டுபிடித்தார்கள். இரட்டிப்பை உணராமல் தொகுத்தால் மருந்தின் திறன் 23 விழுக்காடு மிகையாகத் தெரியும். மோசடி இன்னொரு வகை. தீவிர சிகிச்சையில் இரத்த அளவை நிரப்பப் பயன்பட்ட ஹைட்ராக்ஸி எத்தில் ஸ்டார்ச் திரவம் பற்றி 2013இல் வெளியான தொகுப்பாய்வில், கட்டுரைகள் பல திரும்பப்பெறப்பட்ட ஓர் ஆய்வாளரின் ஏழு சோதனைகளை நீக்கிய பிறகே, அத்திரவம் இறப்பைக் கூட்டுகிறது என்பது வெளிப்பட்டது. கணக்கு எந்திரம் நல்ல தானியத்தையும் பதரையும் ஒன்றாகவே அரைக்கும்.

வேறு ஒரு சிக்கலைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதைப் பற்றி ஏற்கெனவே அதிகம் எழுதப்படுகிறது. சேர்த்த சோதனைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதற்கு ஐ-ஸ்கொயர் என்னும் அளவை விழுக்காடாகத் தருகிறார்கள். அது பெரிதாக இருந்தால் சராசரியை எடுப்பதற்கு முன் ஏன் முரண்படுகின்றன என்று கேட்க வேண்டும். சில வேளைகளில் எண்களைச் சேர்க்காமலே விடுவதுதான் சரியான முடிவு. முறைசார் மீளாய்வில் மெட்டா அனாலிசிஸ் கட்டாயமன்று. இரண்டும் ஒன்றே என்று எண்ணும் குழப்பம், முறையான தேடலே இல்லாமல் கையில் கிடைத்த நாலைந்து கட்டுரைகளின் எண்களைக் கூட்டி வைத்த வெளியீடுகளுக்குத் தேவையற்ற மதிப்பைத் தேடித் தந்திருக்கிறது.

இவ்வளவையும் கடந்து வந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல கிரேடு என்னும் முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு விளைவுக்கும் தனித்தனியே உயர், நடு, குறை, மிகக்குறை என நான்கு படிகளில் ஒன்று தரப்படுகிறது. சாய்வு இடர், முடிவுகளின் முரண், கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாமை, துல்லியக் குறைவு, நல்ல முடிவுகளே அச்சேறும் வெளியீட்டுச் சாய்வு ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் படி இறங்கும். சோதனைகள் அனைத்தும் சமவாய்ப்பு முறையில் நடந்தவையே ஆனாலும், மிகக்குறை என்ற படிக்கு ஒரு மீளாய்வு இறங்கிவிடக்கூடும் என்பதைப் பிரமிடுப் படத்தை நம்புவோர் கவனிக்க வேண்டும். மக்னீசியத்தின் 78 இறப்புகளை இந்த முறையில் மதிப்பிட்டிருந்தால், துல்லியக் குறைவுக்கும் வெளியீட்டுச் சாய்வு ஐயத்துக்கும் படிகள் இறங்கியிருக்கும் என்றே எண்ணுகிறேன். சான்று குறைவு என்று மீளாய்வு சொல்வதைச் சிகிச்சை பயனற்றது என்று படிப்பதும் அடிக்கடி நேரும் பிழை. முன்னது நமக்குத் தெரியாது என்கிறது; பின்னது தெரிந்துகொண்டுவிட்டோம் என்கிறது.

மருத்துவ ஆய்வைத் திட்டமிடுபவருக்கு மீளாய்வு இரு முனைகளில் சான்றாகிறது: சோதனையைத் தொடங்கலாமா என்று தீர்மானிக்கும்போதும், முடிந்த சோதனையின் விடையை ஏற்கெனவே உள்ளவற்றோடு பொருத்தும்போதும். இரண்டாவதைப் பலர் செய்கிறார்கள். முதலாவது இன்னும் பெருமளவில் சடங்காகவே இருக்கிறது. இதய அறுவையில் இரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோட்டினின் மருந்தின் 64 சோதனைகள் 1987 முதல் 2002 வரை வெளிவந்தன. இரத்தம் ஏற்றும் தேவையை அது குறைக்கிறது என்பது 1992இல், பன்னிரண்டாவது சோதனையோடு முடிந்த கேள்வி. பின்னால் வந்த ஐம்பத்திரண்டின் ஆசிரியர்கள் தங்களுக்கு முந்தைய சோதனைகளில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெரும்பாலும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே முறைசார் மீளாய்வைக் கேட்கும் நிதி அமைப்புகள் இன்று உண்டு. நெறிமுறைக் குழுக்களும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. விடை தெரிந்த கேள்விக்காக ஒரு நோயாளியைப் போலி மருந்துக் குழுவில் வைப்பதை ஒப்புதல் படிவக் கையெழுத்து நியாயப்படுத்திவிடாது.

ஆனால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மருத்துவர்களின் பழக்கத்தை உண்மையில் மாற்றியவை 1986இல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஜிஸ்ஸி சோதனையும், 1988இல் 17,187 பேரைக் கொண்ட ஐசிஸ்-2 சோதனையும்தாம். 1973இலேயே தொகுப்பு வெளிவந்திருந்தாலும், எட்டுச் சிறு சோதனைகளின் கூட்டலை நம்பி எல்லோருக்கும் மருந்து கொடுக்கத் தயங்கியவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. மக்னீசியம் விஷயத்தில் அந்தத் தயக்கமே சரியாக இருந்தது. அப்படிப்பட்ட தொகுப்பு அன்று செய்திருக்கக்கூடிய பெரிய உதவி வேறு: இருபது சிறு சோதனைகளை விட்டுவிட்டு ஒரு பெரிய சோதனையை உடனே நடத்துங்கள் என்று அது சொல்லியிருக்கும்.

மீளாய்வு பழசாவதும் உண்டு. நூறு மீளாய்வுகளைத் தொடர்ந்து கவனித்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் 23 விழுக்காடு இரண்டு ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டிய நிலைக்கு வந்ததையும், 7 விழுக்காடு வெளிவரும்போதே காலாவதியாகியிருந்ததையும் காட்டியது. ஆகவே வெளியான ஆண்டை விட, தேடல் எந்த நாளோடு முடிந்தது என்பதைப் பார்ப்பது நல்லது. இன்னொரு புறம் உற்பத்தி பெருகிவிட்டது: 1991 முதல் 2014 வரை முறைசார் மீளாய்வுகளின் ஆண்டு எண்ணிக்கை 2,728 விழுக்காடு கூடியது, மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டின் பதிவுகள் மொத்தமாகக் கூடியது 153 விழுக்காடு. ஒரே கேள்விக்குப் பல மீளாய்வுகள், அவற்றுள் சில ஒன்றோடொன்று முரண்படுபவை என்ற நிலையில், ஆம்ஸ்டார்-2 போன்று மீளாய்வின் தரத்தை அளக்கும் கருவிகளும் தேவைப்பட்டுவிட்டன.

கடைசியாக, நல்ல மீளாய்வின் சரியான முடிவும் எந்த நோயாளிக்கு என்ற கேள்வியைக் கடக்க வேண்டும். காக்ரேன் சின்னத்தில் உள்ள அந்தக் கார்ட்டிகோஸ்டீராய்டு சோதனைகள் பெரும்பாலும் வசதி மிக்க மருத்துவமனைகளில் நடந்தவை. அதே ஊசியைக் குறைந்த, நடுத்தர வருவாய் உள்ள ஆறு நாடுகளில் சமூக அளவில் பரவலாக்கிப் பார்த்த ஆக்ட் சோதனையின் முடிவு 2015இல் லான்செட் இதழில் வந்தது. ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 27.4 பேரும், ஒப்பீட்டுப் பகுதிகளில் 23.9 பேரும் 28 நாளுக்குள் இறந்திருந்தார்கள். உயிர்காக்கும் என்று உலகமே ஒப்புக்கொண்ட சிகிச்சையோடு இறப்பு கூடியிருந்தது. கர்ப்ப வாரத்தைத் துல்லியமாக அறிய வழியில்லாத இடங்களில், குறைமாதத்தில் பிரசவிக்காத பெண்கள் பலருக்கும் ஊசி போடப்பட்டிருந்தது. கர்ப்ப வாரம் உறுதியாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிறக்கும் குழந்தையைப் பேண வசதி வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பிறகு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், அல்ட்ராசவுண்டால் வாரத்தை உறுதிசெய்துகொண்ட 2,852 பெண்களிடம் ஒரு சோதனை நடந்து 2020இல் வெளிவந்தது. ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும், போலி மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் முதல் 28 நாளில் இறந்தன. சின்னத்தில் இன்றும் ஏழு கோடுகள்தாம் இருக்கின்றன. மீளாய்வில் இந்தச் சோதனைக்கும் ஒரு கோடு சேர்ந்துவிட்டது.